இராயனுக்குரியதைப் பிரசங்கிக்கும் போதகர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்டவருக்குள் அன்பான போதகர் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், ஞாயிறு பள்ளி ஆசிரியர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சுதந்திர தினத்தையும் குடியரசு தினத்தையும் ஒட்டி வருகிற ஆராதனைகளில் நம் சபைகளில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள்தான் வாசிக்கப்படுகின்றன. ஒன்று, "இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள்" என்று இயேசு சொன்ன வசனம் (இராயன் என்றால் ரோமப் பேரரசன்). மற்றது பவுல் எழுதிய ரோமர் நிருபத்தின் 13-ஆம் அதிகாரம். பிரசங்கம் எங்கே போய் முடியும் என்பது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்கு முன்பே தெரியும். அதிகாரங்கள் தேவனால் நியமிக்கப்பட்டவை, வரியைக் கட்டுங்கள், கீழ்ப்படியுங்கள், ஆளுகிறவர்களுக்காக ஜெபியுங்கள்.

கட்டவேண்டியதைக் கட்டவேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. என் வருத்தம் வேறு. ராஜாக்களுக்குக் கப்பம் கட்டுவதைப் பற்றி வேதாகமம் நியாயாதிபதிகள் காலத்திலிருந்து பவுல் காலம் வரை பேசிக்கொண்டே வருகிறது. அத்தனை பக்கங்களிலும் கொடுக்கிறவனைப் பார்த்துச் சொல்வதைவிட, வாங்குகிறவனைப் பார்த்துச் சொல்வதுதான் அதிகம். நாமோ கொடுக்கிறவனுக்கு மட்டும் பிரசங்கம் பண்ணிவிட்டு, வாங்குகிறவனை ஆசீர்வாத ஜெபத்தோடு அனுப்பிவிடுகிறோம். பாதி வேதத்தைப் பேசாமல் விடுவது இது என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன்.

தீர்க்கதரிசி சாமுவேலிலிருந்தே தொடங்குகிறேன். எங்களுக்கும் ஒரு ராஜா வேண்டும் என்று ஜனங்கள் வந்து நின்றபோது, ராஜா வந்தால் என்னென்ன போகும் என்று அவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். 1 சாமுவேல் 8-ஐ ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். உங்கள் குமாரரை எடுத்துத் தன் ரதங்களுக்கு முன் ஓடவிடுவான். உங்கள் குமாரத்திகளை எடுத்துத் தைலம் பண்ணவும் சமைக்கவும் அப்பம் சுடவும் வைப்பான். நல்ல வயலையும் திராட்சத்தோட்டத்தையும் ஒலிவத்தோப்பையும் எடுத்துத் தன் ஆட்களுக்குக் கொடுப்பான். தானியத்தில் பத்தில் ஒன்று, ஆட்டில் பத்தில் ஒன்று. பத்தில் ஒன்று என்பது தேவனுக்கென்று பிரித்து வைக்கிற அளவு. அதே அளவை ஒரு மனிதன் தனக்கென்று கேட்பான் என்பதுதான் அந்த எச்சரிக்கையிலேயே கூர்மையான இடம். ஞாயிறு பள்ளியில் இந்த அதிகாரத்தை "ஜனங்கள் தேவனைத் தள்ளினார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். அந்த நீண்ட பட்டியலைப் பிள்ளைகள் கேட்பதே இல்லை.

சாலொமோனின் கதையிலும் இதேதான் நடக்கிறது. சுற்றியிருந்த ராஜ்யங்கள் எல்லாம் காணிக்கை கொண்டுவந்து அவரைச் சேவித்தன. வருஷத்தில் வந்த பொன் 666 தாலந்து (தாலந்து என்பது அந்நாளைய எடை அளவு). ஒருநாள் சாப்பாட்டுச் செலவு மட்டும் 30 மரக்கால் மெல்லிய மா, 60 மரக்கால் மா, 10 கொழுத்த மாடு, மேய்ச்சலிலிருந்து வந்த 20 மாடு, 100 ஆடு. இதை மகிமையாகச் சொல்லிக்கொடுக்கிறோம். இந்தச் சாப்பாடு எங்கிருந்து வந்தது? 1 இராஜாக்கள் 4-லேயே பதில் இருக்கிறது. தேசம் முழுவதும் 12 அதிகாரிகள். வருஷத்தில் ஆளுக்கு ஒரு மாதம் அரமனைக்குப் படியளக்கவேண்டும். அடுத்த அதிகாரத்தில் 30,000 பேர் லீபனோனுக்கு வேலைக்குப் பிடிக்கப்படுகிறார்கள், மாதத்துக்குப் பதினாயிரம் பேராக. ஏழு அதிகாரம் தள்ளி, சாலொமோன் இறந்தபிறகு, ஜனங்கள் சீகேமில் கூடி அவர் மகன் ரெகொபெயாமிடம் கேட்டது ஒன்றுதான்: உம்முடைய தகப்பன் வைத்த பாரமான நுகத்தை இலகுவாக்கும். என் தகப்பன் உங்கள் நுகத்தைப் பாரமாக்கினார், நான் அதை இன்னும் அதிக பாரமாக்குவேன் என்று அவன் பதில் சொன்னான். அப்புறம் வசூலுக்கும் வேலைக்கும் தலைவனாயிருந்த அதோராமை அனுப்பினான். ஜனங்கள் கல்லெறிந்து கொன்றார்கள். ராஜ்யம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டாக உடைந்தது. படை திரட்டிய ரெகொபெயாமுக்குத் தேவனுடைய மனுஷன் மூலமாக வந்த வார்த்தை, வீட்டுக்குத் திரும்பிப்போங்கள், இது என்னால் நடந்தது என்பது. கல்லெறிந்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பாரம் தாங்காமல் பிரிந்துபோன ஜனங்களைத் தேவன் அடக்க விடவில்லை என்பது வேதத்தில் எழுதியிருக்கிறதே. ரோமர் 13-ஐப் பிரசங்கிக்கிற எத்தனை பேர் 1 இராஜாக்கள் 12-ஐயும் எடுத்து வைத்துக்கொள்கிறோம்?

இஸ்ரவேலும் வாங்குகிற இடத்தில் இருந்திருக்கிறது. மோவாபின் ராஜாவாகிய மேசா ஒரு லட்சம் ஆட்டுக்குட்டிகளையும் ஒரு லட்சம் ஆட்டுக்கடாக்களின் மயிரையும் இஸ்ரவேலின் ராஜாவுக்குக் கட்டிவந்தான் என்று 2 இராஜாக்கள் 3 சொல்கிறது. அந்த மேசா வெட்டிவைத்த கல் 1868-ல் தீபோனில் கிடைத்தது, இன்று பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை வெகுநாள் ஒடுக்கினான் என்று அதில் அவன் எழுதிவைத்திருக்கிறான். நாம் கணக்காக வாசிக்கிறதை அவன் ஒடுக்குதலாக எழுதினான்.

அப்புறம் காலம் மாறியது, அசீரியா எழும்பியது, வாங்கினவர்கள் கொடுக்கிறவர்களானார்கள். இந்தக் காலத்திலிருந்து ஒரு பொருளை உங்கள் முன் வைக்க ஆசைப்படுகிறேன். லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஆள் உயரத்தைவிடச் சற்று உயரமான ஒரு கறுப்புச் சுண்ணாம்புக்கல் தூண் நிற்கிறது. அசீரிய ராஜா மூன்றாம் சல்மனாசாரின் தூண். நிம்ரூதில் 1846-ல் தோண்டியெடுத்தது. நான்கு முகங்களிலும் ஐந்து வரிசையாகச் சிற்பங்கள். மேலிருந்து இரண்டாவது வரிசையில் ராஜா ஒரு கிண்ணத்தைக் கையில் பிடித்து நிற்கிறான். அவன் காலடியில் ஒருவன் முழங்காலும் நெற்றியும் தரையில் படக் குப்புற விழுந்திருக்கிறான். பின்னால் சுமை தூக்கிகளின் வரிசை. மேலே உள்ள எழுத்து, இது "உம்ரியின் மகன் யெகூ"வின் கப்பம் என்கிறது. வெள்ளி, பொன், பொற்கிண்ணங்கள், வெள்ளீயம், ராஜாவின் கைக்கோல், ஈட்டிகள். கி.மு. 841-ஐ ஒட்டிய காலம்.

விழுந்து கிடப்பது யெகூதானா, அவன் அனுப்பிய தூதனா என்பதில் அறிஞர்கள் ஒரே பேச்சாக இல்லை. யாராயிருந்தாலும் பெயர் யெகூவுடையது. தீர்க்கதரிசி எலிசா ஆளனுப்பி இஸ்ரவேலுக்கு ராஜாவாக அபிஷேகம் பண்ணின யெகூ. உம்ரியின் வீட்டாரை வேரோடு அழித்தவன். அவனையே அசீரியர்கள் உம்ரியின் மகன் என்று எழுதிவிட்டார்கள். "கர்த்தருக்காக எனக்கு இருக்கிற பக்தி வைராக்கியத்தைப் பார்" என்று யோனதாபை ரதத்தில் ஏற்றிக்கொண்டு போனவன். அந்த வைராக்கியத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இந்தக் கப்பத்தைப் பற்றி 2 இராஜாக்கள் ஒன்றும் சொல்லவில்லை. தேவனுக்காக வாள் எடுத்தவன் தன் சிங்காசனத்துக்காக அசீரியாவின் காலடி மண்ணைத் தொட்டான். அந்தச் சுமைகளின் விலையைக் கொடுத்தது இஸ்ரவேலின் குடியானவர்கள்.

யெகூவைப் பற்றி வேதம் சொல்லாததை, பின்னால் இஸ்ரவேலை ஆண்ட மெனாகேமைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறது. அசீரிய ராஜா பூலுக்கு அவன் 1000 தாலந்து வெள்ளி கொடுத்தான். எதற்காக? ராஜ்யபாரத்தைத் தன் கையில் பலப்படுத்திக்கொள்வதற்காக என்று 2 இராஜாக்கள் 15-ல் காரணத்தோடு எழுதியிருக்கிறது. பணத்தை ஐசுவரியவான்களிடம் ஆளுக்கு 50 சேக்கல் வீதம் பிரித்தான். தாலந்துக்கு 3000 சேக்கல் என்று கணக்குப் போட்டால் 60,000 பேர் கொடுத்திருக்கவேண்டும். ஒருவன் நாற்காலியைக் காப்பாற்ற அறுபதினாயிரம் வீடுகள். யூதாவில் எசேக்கியா நல்ல ராஜா, அவரும் கி.மு. 701-ல் அசீரிய ராஜா சனகெரிபுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கொடுக்க, தாமே தகடு போட்டிருந்த ஆலயக் கதவுகளின் பொன்னைப் பெயர்த்தெடுத்தார். அவருக்கு முன் யூதாவை ஆண்ட அவர் தகப்பன் ஆகாஸ் இன்னும் மோசம், பணத்தோடு சேர்த்து "நான் உம்முடைய அடியானும் உம்முடைய குமாரனுமாயிருக்கிறேன்" என்ற வார்த்தையையும் அசீரியாவுக்கு அனுப்பினான். ஏசாயா அவனை அத்தனை எச்சரித்தபிறகும்.

வெள்ளி ஒன்று, அந்த வார்த்தை வேறு. எசேக்கியா கொடுத்ததும் வெள்ளிதான், ஆகாஸ் கொடுத்ததும் வெள்ளிதான். ஆனால் குமாரன் என்று சொல்லிக்கொள்ளும் உறவைத் தாவீதின் வம்சத்தான் கர்த்தரோடு மட்டுமே வைத்திருக்கவேண்டும். ஆகாஸ் அதை விற்றான். ராஜாக்களுக்குக் கப்பம் கட்டுவதற்கு வேதத்தில் இருக்கிற எல்லைக்கோடு இந்த இடத்தில் தெரிகிறது. பொருளைக் கொடுக்கலாம், தவிர்க்க முடியாதபோது கொடுத்தும் இருக்கிறார்கள். தன்னைக் கொடுக்க முடியாது.

சரி, கட்டாமல் இருந்துவிடு என்று தீர்க்கதரிசிகள் சொன்னார்களா? இல்லை. எரேமியா கழுத்தில் நுகத்தடியைக் கட்டிக்கொண்டு எருசலேமில் நடந்தார். பாபிலோன் ராஜாவைச் சேவியுங்கள், பிழைப்பீர்கள் என்று யூதாவின் ராஜா சிதேக்கியாவுக்குச் சொன்னார். அதற்காகத் துரோகி என்ற பெயரும் வாங்கினார். ஆகவே வேதம் வரி கொடாதே என்று கலகக்கொடி பிடிக்கிறது என்று யாராவது சொன்னால் நானே மறுப்பேன். ஆனால் அதே எரேமியாதான் 22-ஆம் அதிகாரத்தில் சிதேக்கியாவுக்கு முன் ஆண்ட ராஜா யோயாக்கீமின் வாசலில் போய் நிற்கிறார். எகிப்தின் ராஜா பார்வோன்நேகோ கேட்ட 100 தாலந்து வெள்ளிக்கும் ஒரு தாலந்து பொன்னுக்குமாக அவனவன் மதிப்பின்படி தேசத்தின்மேல் வரி போட்டவன் இந்த யோயாக்கீம். அப்படி ஜனங்களைப் பிழிந்த அவனே, கேதுரு பலகை வைத்து, பலகணிகளைப் பெரிதாக்கி, சிவப்பு வர்ணம் பூசி, கூலி கொடாமல் வேலை வாங்கி மாளிகை கட்டிக்கொண்டிருந்தான். எரேமியா அவனுக்கு அவன் தகப்பன் யோசியாவைக் காட்டினார். சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை அவன் விசாரித்தான், அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு என்று கர்த்தர் சொல்வதாகச் சொன்னார். தேவனை அறிவது என்றால் என்ன என்பதற்கு வேதத்தில் உள்ள மிகத் தெளிவான வாக்கியங்களில் ஒன்று, வரி வாங்கிய ஒரு ராஜாவின் முகத்துக்கு நேரே சொல்லப்பட்டிருக்கிறது. ஜனங்களுக்கு ஒரு பிரசங்கம், ராஜாவுக்கு ஒரு பிரசங்கம். இரண்டையும் ஒரே மனிதர் பண்ணினார்.

இனி நெகேமியா. இந்த மடலில் வேறெதை மறந்தாலும் நெகேமியா 5-ஐ மறக்கவேண்டாம். எருசலேமின் மதிலாகிய அலங்கத்தைக் கட்டும் வேலை நடக்கிறது. நடுவிலே ஒரு கூக்குரல். பஞ்சத்துக்கு நிலத்தை அடகு வைத்தோம் என்கிறார்கள் சிலர். ராஜாவுக்குத் தீர்வை கட்ட எங்கள் நிலத்தின்மேலும் திராட்சத்தோட்டத்தின்மேலும் கடன் வாங்கினோம் என்கிறார்கள் வேறு சிலர். எங்கள் குமாரத்திகளில் சிலர் ஏற்கெனவே அடிமைப்பட்டுப்போனார்கள், எங்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை, நிலம் வேறொருவர் கையில் இருக்கிறது. பெர்சிய ராஜாவின் வரி, அதைக் கட்டக் கடன், கடனுக்கு வட்டி, வட்டிக்குப் பெண்பிள்ளை. கடன் கொடுத்தது பெர்சியன் இல்லை. சொந்த யூத சகோதரர்கள்.

நெகேமியா என்ன செய்தார்? பெர்சிய ராஜா அர்தசஷ்டாவுக்கு வரி கட்டாதீர்கள் என்று சொல்லவில்லை. அவரே அர்தசஷ்டாவின் ஆள். ராஜாவின் பானபாத்திரக்காரராயிருந்து அதிபதியாக வந்தவர். பிரபுக்களையும் அதிகாரிகளையும் கூட்டிவைத்து வட்டியை விடச் சொன்னார், நிலங்களை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் சொன்னார், ஆசாரியரை அழைத்து ஆணையிட வைத்தார். நானும் என் சகோதரரும் கடன் கொடுத்திருக்கிறோம், விட்டுவிடுவோம் என்று தம்மையும் சேர்த்தே சொன்னார். பிறகு தம் சொந்தக் கணக்கை எழுதிவைத்தார். அதிபதிக்குரிய படியைப் பன்னிரண்டு வருஷம் வாங்கவில்லை. முன்பிருந்த அதிபதிகள் அப்பமும் திராட்சரசமும் போக 40 சேக்கல் வெள்ளியும் வாங்கினார்கள். அவர்கள் வேலைக்காரர்கூட ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள். "நானோ தேவனுக்குப் பயந்ததினால் இப்படிச் செய்யவில்லை." அவர் பந்தியில் தினமும் 150 பேர் சாப்பிட்டார்கள், ஒரு மாடும் ஆறு நல்ல ஆடும் சமைக்கப்பட்டன, அப்படியிருந்தும் படி கேட்கவில்லை. வாங்க உரிமை இருந்தது. சட்டப்படி சரிதான். ஜனங்கள்மேல் இருந்த பாரத்தைப் பார்த்து வாங்கவில்லை. தேவபயம் என்பதை வாங்குகிறவன் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற இந்தப் பகுதியை ஒரு அரசியல்வாதி முன்னால் இருக்கும்போது யாராவது வாசித்துக் கேட்க எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா?

இப்போது "இராயனுடையதை இராயனுக்கு" என்ற வசனத்தில் வருகிற வெள்ளிக்காசுக்கு வருவோம். இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று இயேசுவைக் கேட்டவர்கள் பரிசேயரும் ஏரோதியரும். கேள்வி ஏட்டுக்கேள்வி இல்லை. கி.பி. 6-ல் யூதேயாவை ஆண்ட அர்கெலாயு நீக்கப்பட்டு யூதேயா நேரே ரோமர் கைக்குப் போனது. ரோம அதிபதி சிரேனியு வரிக்காகக் குடிமதிப்பு எடுத்தான். அதை எதிர்த்துக் கலிலேயனாகிய யூதாஸ் எழும்பி மடிந்தான் என்று யூத வேதபாரகர் கமாலியேலே அப்போஸ்தலர் 5-ல் நினைவூட்டுகிறார். கி.பி. 17-ல் சிரியாவும் யூதேயாவும் பாரம் தாங்காமல் வரியைக் குறைக்கும்படி மன்றாடியதை ரோம வரலாற்றாசிரியர் தாசிதுஸ் எழுதியிருக்கிறார். அந்தச் சூழ்நிலையில் கொடு என்றால் ஜனங்கள் கைவிடுவார்கள், கொடாதே என்றால் பிலாத்துவின் சேவகர் வருவார்கள்.

இயேசுவின் கையில் காசு இல்லை. கொண்டுவரச் சொன்னார்; ஆலயப் பிராகாரத்திலேயே அவர்களிடம் இருந்தது. பொதுவாக அறிஞர்கள் அடையாளம் காட்டுகிற காசு ஒரு விரல் நுனியில் அடங்கும் வெள்ளி. ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. ஒருபுறம் இலைமாலை சூடிய திபேரியுவின் தலை. சுற்றிலும், தெய்வமான அகுஸ்துவின் மகன் திபேரியு இராயன் என்ற எழுத்து. மறுபுறம் உட்கார்ந்த பெண்ணுருவமும் தலைமைக் குரு என்ற பட்டமும். சுரூபமும் மேலெழுத்தும் யாருடையது என்று அவர் கேட்டபோது அவர்கள் கண்முன் இருந்தது இதுதான். காசை அவனுக்கே திருப்பிக் கொடுங்கள் என்றார். காசின்மேல் எழுதியிருந்த தெய்வ உரிமையைக் கொடுக்கச் சொல்லவில்லை, அது தேவனுடையது. காசில் இராயன் சாயல், மனிதனில் தேவ சாயல் என்று ஆதிச் சபையின் எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்தப் பழைய நாட்களிலேயே விளக்கினார். மனிதன் தேவ சாயல் என்றால், இராயன் காசுக்காக மனிதனை நசுக்க முடியாது என்பதும் அந்தப் பதிலுக்குள் இருக்கிறது. "கட்டிவிட்டுச் சும்மா இருங்கள்" என்பதுதான் இயேசு சொன்னது என்றால், இராயனுக்கு வரி கொடுக்கவேண்டாம் என்று சொன்னான் என லூக்கா 23-ல் அவர்மேல் ஜோடிக்கப்பட்ட குற்றச்சாட்டு யார் காதிலும் ஏறியிருக்காது.

பவுலுக்கும் நியாயம் செய்யவேண்டும். ரோமர் நிருபம் எழுதப்பட்டது கி.பி. 57 வாக்கில். அடுத்த வருஷமே வரி வசூலிப்போரின் பேராசையைப் பற்றி ஜனங்கள் போட்ட கூச்சலில் நீரோ மறைமுக வரிகளையே எடுத்துவிடலாமா என்று யோசித்ததாகத் தாசிதுஸ் சொல்கிறார். தலைநகரத்திலேயே கொதிப்பு. அப்படிப்பட்ட நேரத்தில், அங்கே இருந்த சிறிய சபை மாட்டிக்கொள்ளக்கூடாது என்ற அக்கறை பவுலின் வரிகளில் எனக்குத் தெரிகிறது. அதோடு அவர் ஆளுகிறவனைத் தேவ ஊழியக்காரன் என்கிறார், உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு என்கிறார். ஊழியக்காரன் என்றால் எஜமான் ஒருவர் இருக்கிறார், கணக்கு கேட்பார். இந்தப் பாதியை விட்டுவிட்டுக் கீழ்ப்படிதலை மட்டும் எடுப்பது பவுல் எழுதியதைப் பாதியில் நிறுத்துவது.

கடைசியாக, நம் வீட்டுக்குள் ஒரு காரியம். சபையும் வாங்குகிற இடம்தான். மத்தேயு 17-ல் ஆலய வரி கேட்டு வந்தபோது, பூமியின் ராஜாக்கள் தங்கள் பிள்ளைகளிடம் வாங்குகிறார்களா, அந்நியரிடம் வாங்குகிறார்களா என்று இயேசு பேதுருவிடம் கேட்டார். அந்நியரிடம் என்றதும், அப்படியானால் பிள்ளைகள் செலுத்தவேண்டுவதில்லையே என்றார். இடறல் வேண்டாம் என்று செலுத்தியும் விட்டார். நம்மில் சில சபைகளில் சந்தா பாக்கி இருந்தால் கல்யாண ஓலை வாசிக்கத் தயங்குகிறார்கள், அடக்கத்துக்கு வந்து நிற்கிற குடும்பத்திடம் பழைய ரசீது கேட்கிறார்கள், பாக்கிதாரர் பெயரை ஆலயச் சுவரில் ஒட்டுகிறார்கள். விதவைகளின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகளிடம் இப்படிக் கேட்கலாமா, ஐயா?

என் வேண்டுதல்கள் இவை. வருகிற ஆகஸ்ட் 15 ஆராதனைக்கு ரோமர் 13-ஓடு நெகேமியா 5-ஐயும் வாசிக்க வையுங்கள். ஆளுங்கட்சியோ எதிர்க்கட்சியோ, சால்வையோடு யார் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாலும் வாசிப்பை மாற்றாதீர்கள். வரி ஏய்க்கிற நம் அங்கத்தினர்களையும் கண்டியுங்கள். கண்டித்த கையோடு எரேமியா 22-ஐயும் திறங்கள். ஞாயிறு பள்ளிப் பாடத்தில் சாலொமோனின் பந்தி வருகிற வாரம், அந்தப் பந்திக்கு மாதாமாதம் யார் அளந்தார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். சந்தா பாக்கிப் பட்டியல் சுவரில் இருந்தால் இந்த வாரமே எடுத்துவிட்டு, கட்ட முடியாதவர்கள் யார் என்று வீடு வீடாகப் போய்ப் பாருங்கள். அந்த வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் நானும் வருகிறேன்.

கர்த்தருடைய ஊழியத்தில் உங்களோடு,
ஒரு சபை அங்கத்தினர்